பேய்க் குழுவின் நாலாவது உடுப்பு

பேய் பிடிக்கப் போகிறவர்களுக்கு முழங்கால் கவசம் எதற்கு என்று நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

கேட்டது அபிலாஷ் தம்பியிடம். அவருடைய அப்பா கணபதிப் பக்கம் மோட்டார் பம்பு கம்பெனி வைத்திருக்கிறார். பையன் பம்பில் மனம் ஒட்டாமல் பேயில் இறங்கிவிட்டார். 'கோவை அமானுஷ்யப் புலனாய்வுக் குழு' என்று ஜீப்பின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. பின்பக்கத்தில் மட்டும் பழைய பம்பு விளம்பரம் அழியாமல் இருந்தது. அவரைத் தவிரக் குழுவில் இரண்டு பேர். ஒருத்தி மேக்னா, கேமரா பொறுப்பு. ஐ.டி. கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற பெண். வீட்டில் இல்லை என்பது கம்பெனிக்கு இன்றுவரை தெரியாது. இன்னொருவர் அபிலாஷின் சித்தி பையன் ரவிதேஜா. ஆள் நல்ல உருப்படி. மீட்டர் அவர் பொறுப்பு.

என்னைத் தேடி அவர்கள் சூலூருக்கு வந்த காரணம், நான் முப்பத்தோரு வருஷம் டைம்கீப்பராக இருந்த நூல் மில். மில்லின் பெயர் வேண்டாம். முதலாளி குடும்பத்தார் இன்றைக்கும் பொங்கலுக்கு எனக்கு வெல்லமும் கரும்பும் அனுப்புகிறார்கள். மில்லை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மெஷின்களைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று, கரண்டு கனெக்ஷனையும் பிடுங்கியாயிற்று. ஆனால் காலை ஏழு மணிக்கு மில் சங்கு மட்டும் தினமும் ஊதிக்கொண்டிருந்தது.

இதில் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஏழு மணிச் சங்கைக் கேட்டுத்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். தொந்தரவு வந்தது, முதலாளியின் பேத்தி அக்ஷிதா அம்மணி இடத்தைக் குடோன்காரர்களுக்கு விற்க முடிவு செய்தபோதுதான். இடிக்க வந்த ஆட்கள் முதல் நாள் ஏழு மணிச் சங்கைக் கேட்டுவிட்டு, கடப்பாரையைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள். அம்மணி அபிலாஷைக் கூப்பிட்டார். திங்கள் முதல் வெள்ளி வரை குழுவுக்கு, வெள்ளி மாலை நாலு மணிக்கு ஜே.சி.பி.க்கு என்று ஏற்பாடு.

மில்லின் உள்வழி எல்லாம் தெரிந்தவர் என்று என்னிடம் வந்தார்கள். வந்தவர்கள் என் வீட்டுக் கட்டிலின் மேல் சாமான்களைப் பரப்பிக் காட்டினார்கள். கோயமுத்தூர்க்காரன் எதையும் கடையில் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். பிரித்துப் பார்த்து, தன் பட்டறையில் தானே செய்துவிடுவான். பேய் மீட்டர், மோட்டார் டெஸ்ட் செய்கிற பெட்டிக்குள் இருந்தது. முள் ஒன்று, பச்சை சிவப்பு பல்பு இரண்டு. பேய் வந்தால் இடம் குளிருமாம், அதைப் பார்க்க கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி. லைட் வைத்த ஹெல்மெட். ஒன்பது கொக்கி போட்ட பெல்ட், அதில் ஆறுக்கு மாட்ட ஒன்றும் இல்லை. காலடி பதிய பவுடர் டப்பா. கடைசியாக முழங்கால் கவசம், ஜோடி ஜோடியாக.

"முழங்கால் கவசம் எதுக்குங்க தம்பி?"

அபிலாஷ் கவசத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவரும் அதுவரை யோசித்ததில்லை போலிருந்தது.

"கிட்டோட வருதுங்க அய்யா," என்றார். "நீங்க சரியான கேள்வி கேக்கறீங்க. சாமானுக்குப் பொறுப்பா எங்க கூட வந்துருங்க."

அப்போதுதான் அவர் கண் என் டிவியின் மேல் போனது. டிவிக்கு உறையாக நான் போட்டிருந்தது ஒரு சாம்பல் நீல அரைக்கைச் சட்டை. மில்லில் நிரந்தர ஆட்களுக்கு வருஷம் இரண்டு செட்டு உடுப்பு கொடுப்பார்கள். தைத்து வருகிற சரக்கு சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க டைம் ஆபீஸில் ஒரு மாதிரிச் சட்டை வைத்திருப்போம். மில் மூடியபோது அது என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அபிலாஷ் குழுவுக்குக் கருப்பு உடுப்பு தைப்பதாக இருந்தவர், அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுதாங்க அய்யா நம்ம லுக்கு. எங்க புடிச்சீங்க?"

"பழசுங்க தம்பி," என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோட்டைமேட்டில் முஸ்தபா பாயிடம் நாலு உடுப்பு தைக்கக் கொடுத்தோம். நாலாவது எனக்கு. பாய் துணியை விரலால் நிமிண்டினார், பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது உங்க மில்லு உடுப்பாச்சே. எங்கப்பா எத்தனை தெச்சிருக்காரு."

"பேசாம தைங்க பாய்."

"உங்களுக்குமா? நீங்க வெள்ளைச் சட்டை ஆளாச்சுங்களே."

அது உண்மைதான். டைம் ஆபீஸ் ஆட்களுக்கு உடுப்பு கிடையாது. முப்பத்தோரு வருஷம் வெள்ளைச் சட்டையில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன், எழுபத்தேழாவது வயதில்தான் தொழிலாளி உடுப்புக்கு அளவு கொடுத்தேன். பாய் என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் போட்டுவிட்டு, போதாமல் இன்னொரு டேப்பைத் தேடினார். பாக்கெட்டின் மேல் ஒன்றிலிருந்து நாலு வரை நம்பர் தைக்கச் சொன்னார் அபிலாஷ். அவருக்கு ஒன்று, எனக்கு நாலு.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குள் மில் கேட்டுக்கு வந்துவிட்டோம். சாமான் யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. உட்கார இடம் தேடினேன். பழைய டைம் ஆபீஸ் ஜன்னல் திறந்துதான் கிடந்தது, நாற்காலியும் இருந்தது. உட்கார்ந்தேன். நாலு நிரந்தர உடுப்பு, கேட்டு, ஜன்னல், ஜன்னலுக்குள் நான், என் முன்னால் நோட்டு. நாங்கள் என்ன காரியம் செய்துவிட்டோம் என்பது எனக்கே அப்போது உறைக்கவில்லை.

சங்கு ஊதியது. மேக்னா ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டாள். ரவிதேஜாவின் மீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளியது. அதே நேரம் விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேல் போனதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

"ஏனுங்க டைமாபீசய்யா. ஆள் எடுக்கறீங்களாட்ட இருக்குதுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், தலையைத் தூக்காமலே "யாரு?" என்றேன்.

"ராமுலுங்க. பதிலி நாப்பத்தேழு."

பதிலி ஆள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஆள் ஒருவர் வராவிட்டால் அவர் இடத்துக்கு அன்றைக்கு மட்டும் எடுக்கிற ஆள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேட்டருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டைம்கீப்பர் பெயரைக் கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் வீட்டுக்கு. வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாம். ஆகையால் இருநூற்று முப்பத்தொன்பதில் நிறுத்திவிடுவது எங்கள் மில்லில் வழக்கம். மானேஜர் சொல்லுவார், டைம்கீப்பர் செய்வார்.

எண்பத்தொன்பதில் ராமுலுவை அப்படி நிறுத்தியது நான். இருநூற்று முப்பத்தொன்பதாவது நாள் சாயங்காலம், "நாளைக்கு வர வேண்டாம்" என்று இந்த ஜன்னல் வழியாகத்தான் சொன்னேன். அவன் "செரிங்க" என்று போனான். மூன்று மாதத்தில் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பதிலி வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தான். மில் மூடும்வரை பதினாறு வருஷம் நின்றான். நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். வரிசையை எண்ணும்போது அவனை விட்டுவிட்டு எண்ணுவேன்.

இப்போது தலையைத் தூக்கிப் பார்த்தேன். அதே ஆள். கையில் அதே சோற்றுத் தூக்குப் போசி. நான் மட்டும் கிழவனாகியிருந்தேன்.

"இன்னும் இங்கயா நிக்கறே?"

"வேற எங்கீங்க போறது. ஒரு நாள்தான பாக்கி."

"சங்கு ஊதறது நீயா?"

"யாரும் ஊதறதில்லீங்களே. ஆளுங்க வராம இருக்கறது சங்கு ஊதாததுனாலயோன்னு நெனச்சனுங்க." ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். "கடைசில வந்துட்டாங்க. நாலு பேருங்களா?"

"நாலு பேர்."

"யாராச்சும் ஒருத்தரு வராம இருப்பாங்க. நானு நிக்கறனுங்க."

"வெள்ளிக்கிழமை இதை இடிக்கறாங்க, ராமுலு."

அவன் கட்டடத்தை ஒரு முறை பார்த்தான். "அப்ப அதுக்குள்ளாற ஆகோணுமுங்க," என்றான். "பர்மனென்ட் ஆகி உடுப்போட வாரேன்னு ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தனுங்க. ஒரு நாளை வெச்சுட்டு வெறும் ஆளாப் போனா நல்லாவா இருக்கும்?"

நான் பேனாவைத் திறந்தேன். "இந்தா, இப்பவே எழுதிக்கறேன். இருநூத்தி நாப்பது. ஊட்டுக்குப் போ."

அவன் கம்பியைவிட்டு ஒரு அடி பின்னால் போனான். அவன் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாகக் கொஞ்சம் பயம் தெரிந்தது.

"அது எப்படிங்க? ஆளு பூரா வந்துருக்குதே. காலி இல்லாம பதிலி எடுத்தா நாளைக்கு எவனாச்சும் செல்லாதும்பான். மத்த நாளு எப்படியோ போச்சுங்க. இந்த நாளு சுத்தமா இருக்கோணுமுங்க."

ஆக விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள் நாலு பேரில் ஒருவர் வராமல் இருக்க வேண்டும். நான் அதை முயற்சி செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

செவ்வாய்க்கிழமை அபிலாஷ், முன்பு பஞ்சைச் சீவிய கார்டிங் டிபார்ட்மென்ட் முழுக்கப் பவுடரைத் தூவி வைத்துவிட்டு டீ குடிக்க வெளியே வந்தார். திரும்பிப் போனால் தரை பளிச்சென்று இருந்தது. பவுடர் முழுவதும் மூலையில் ஒரு குவியலாக இருந்தது, பக்கத்தில் விளக்குமாறு சாய்த்து வைத்திருந்தது. அபிலாஷ் அதைப் பல கோணங்களில் படம் எடுக்கச் சொன்னார். "பயங்கர சக்திங்க அய்யா," என்றார். ராமுலு அதைப் பஞ்சு என்று நினைத்திருப்பான். கார்டிங்கில் அவன் வேலையே கூட்டுவதுதான்.

மேக்னா ஒரு ரெக்கார்டரை வைத்துக்கொண்டு காலியான ஹாலில் நின்று, "யாராவது இருக்கீங்களா? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். திரும்பப் போட்டுக் கேட்டபோது இரைச்சலுக்கு நடுவில் மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஆளு வேணுங்களா அம்மணி?"

மேக்னா ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அபிலாஷ் பதினோரு தடவை போட்டுக் கேட்டார்.

"ஆள் வேணுமான்னு கேக்குது. நரபலியா இருக்கும்," என்றார் ரவிதேஜா.

"அம்மணிங்குதே," என்றாள் மேக்னா. "நரபலிக்கு யாருடா அம்மணிம்பாங்க?"

"கொங்குப் பேய்," என்றார் அபிலாஷ், குறிப்பு எழுதிக்கொண்டே.

புதன்கிழமை நான் மேக்னாவிடம் ஆரம்பித்தேன். "அம்மணி, ஊட்டுல காதுகுத்து கல்யாணம்னு ஒண்ணும் வர்றதில்லையா?"

"நாளைக்கே இருக்குங்க தாத்தா. பெரியம்மா பேரனுக்குக் காதுகுத்து."

"ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்துருக்கும். போகலைன்னா நல்லாவா இருக்கும்?"

"அபி உடமாட்டான். ஒருத்தர் வரலைன்னாலும் ஆபரேஷன் கேன்சலுன்னுட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போனா எப்பக் கல்யாணம்னு கேப்பாங்க. பேயே பரவால்லைங்க தாத்தா."

அந்த வழி அடைத்துக்கொண்டது. ரவிதேஜாவுக்கு பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போனேன். அரைத் தட்டு அளவில் இருக்கும், ஒன்று தின்றால் நான் மறுநாள் மதியம்வரை எழுந்திருக்கமாட்டேன். ஆறு கொடுத்தேன். ஆறையும் தின்றுவிட்டு மேலே சோடா குடித்தார். வியாழக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் வந்து ஜன்னலில் நின்று, "அய்யா, இன்னைக்கு பன்னு இல்லீங்களா?" என்றார்.

ராமுலு தினமும் ஏழு மணிக்கு வந்தான். வந்தவர்களை எண்ணுவான். "நாலும் வந்துருச்சுங்களா?" என்பான். "வந்துருச்சு" என்பேன். "செரிங்க, நாளைக்குப் பாக்கலாமுங்க" என்பான். முப்பத்துநாலு வருஷமாக அதே மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தான் போல, சலிப்பே இல்லை. வியாழக்கிழமை மட்டும் 'நாளைக்கு' என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அபிலாஷிடமே கேட்டேன். "தம்பி, நாளைக்கு நீங்க ஒரு நாள் ரெஸ்ட் எடுங்களேன். கண்ணெல்லாம் செவந்து கெடக்குது."

"நானுங்களா?" என்று சிரித்தார். "எங்கப்பா கல்யாணத்தன்னைக்கே மத்தியானம் கம்பெனிக்குப் போனவருங்க. எங்க வகையறாவுல லீவுங்கற பழக்கமே இல்லை."

இரவு படுத்துக்கொண்டு, யாரை வரவிடாமல் செய்வது என்று அந்த மூன்று பேரையே மாற்றி மாற்றி யோசித்தேன். டைம்கீப்பர் புத்தி அப்படித்தான். வரிசையை எண்ணுகிறவன் தன்னை எண்ணுவதில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தான் போடும்போதுதான் பாக்கெட்டில் நாலு என்று தைத்திருப்பதைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. சங்கு ஊதியது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, சாமான்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அபிலாஷ் போகும்போது, "இன்னைக்கு நீங்களும் உள்ளார வாங்க அய்யா. கார்டிங்குல ஒயர் கட்டறோம், நாலு மூலைக்கு நாலு பேர் வேணும்," என்றார்.

"நாலு பேர் இருப்போமுங்க தம்பி," என்றேன்.

ராமுலு வந்தான். எண்ணினான். "மூணு பேரு போறதைப் பாத்தனுங்க. நாலாவது?"

"நாலாவது ஆள் இன்னைக்கு லீவு."

"யாருங்க அது?"

நான் ஒரு காகிதத்தை எடுத்து, கோவிந்தராஜுலு, நம்பர் நாலு, இன்று ஒரு நாள் விடுப்பு தேவை என்று எழுதினேன். என் பெயரை விடுப்பு விண்ணப்பத்தில் எழுதுவது எனக்கே புதிதாக இருந்தது. ராமுலு கம்பி வழியாக எட்டிப் பார்த்தான்.

"காரணம் போடலீங்களே. பொய்க் காரணம் வேண்டாமுங்க, அப்பறம் செல்லாது."

'உடம்பு சரியில்லை' என்று எழுதினேன். எழுபத்தேழு வயதில் அது எந்த நாளிலும் பொய்யாகாது. கேட்டவனும் நான், கொடுக்க வேண்டியவனும் நான். அரை நிமிஷம் யோசித்துவிட்டு 'அனுமதிக்கப்பட்டது' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

பிறகு முறைப்படி ஜன்னலைவிட்டு முகத்தை வெளியே நீட்டிக் கூப்பிட வேண்டும். அந்த டைம் ஆபீஸில் பதினெட்டு வருஷத்துத் தூசி. இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் கூப்பிட முடிந்தது.

"பதிலி நாப்பத்தேழு. ராமுலு."

"இருக்கனுங்க," என்றான்.

சட்டை, பேண்ட், பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பையில் வேட்டி வைத்திருந்ததால் மானம் போகவில்லை. என் அளவுச் சட்டைக்குள் ராமுலு தன்னைப் போல இன்னொருவனையும் வைத்துக்கொள்ளலாம். பெல்ட்டைக் கடைசி ஓட்டைக்கு இழுத்து, மீதி இடத்தை மடித்துச் செருகினான். பாக்கெட்டு நம்பரை ஒரு தடவை தடவினான். பிறகு முழங்கால் கவசத்தை எடுத்துப் பார்த்தான்.

"அது வேண்டாம்னா உட்டுரு."

"உடுப்போட குடுத்தா அதும் உடுப்புத்தானுங்களே," என்று கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

நான் பனியனும் வேட்டியுமாக ஜன்னலில் உட்கார்ந்தேன். அங்கிருந்தே கார்டிங் டிபார்ட்மென்ட் கதவு நேராகத் தெரியும். உள்ளே அரை இருட்டு, எல்லார் தலையிலும் லைட் வைத்த ஹெல்மெட். லைட் எதிராளியின் கண்ணைக் கூசச் செய்யுமே தவிர முகத்தைக் காட்டாது. அந்த ஹெல்மெட்டால் நான் கண்ட ஒரே பிரயோஜனம் அது.

"அய்யா, இந்த ஒயரைப் புடிங்க," என்று அபிலாஷின் குரல் கேட்டது.

"புடிச்சனுங்க."

"நாலாவது மூலைக்குப் போங்க."

"போயாச்சுங்க."

அபிலாஷ் அசந்துபோயிருக்க வேண்டும். நான் நாலு நாளாக நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே அரை மணி நேரம் எடுத்தவன்.

ஒன்பது மணிக்கு ரவிதேஜாவின் மீட்டர் முள் சிவப்பு ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மீட்டர் கெட்டுவிட்டது என்று தட்டினார், குலுக்கினார். "குடுங்க தம்பி," என்று ராமுலு வாங்கிக்கொண்டான். முள் சுற்றி வந்து மறுபக்கம் இடித்தது. மூடியைக் கழற்றி, உள்ளே ஊதித் துடைத்து, மூடித் திருப்பிக் கொடுத்தான். அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வேலையையும் அவனிடமே விட்டுவிட்டார் ரவிதேஜா. மீட்டர் பிடித்துக்கொண்டு பேயைத் தேடி மூலை மூலையாகப் போன ஆள்களில் அன்றைக்கு அவன் அளவுக்கு அக்கறையாகத் தேடியவர் யாரும் இல்லை. ஒவ்வொரு மூலையிலும் நின்று, "இங்கொண்ணும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வந்தான்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் களைத்துப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். ராமுலு உட்காரவில்லை. ஷிப்டு முடிகிறவரை பதிலி ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தரையில் மண்டியிட்டு, மெஷின் இருந்த குழிகளில் காலம்காலமாக அடைந்து கிடந்த பஞ்சைக் கையால் வாரிவாரி எடுத்து ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு முழங்காலிலும் கவசம் இருந்தது. அது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது.

ஏழு மணிச் சங்கு மட்டும்தான் அத்தனை வருஷமும் ஊதியது. ஷிப்டு ஆரம்பமே ஆகாதபோது முடிகிற சங்கு எப்படி ஊதும்? கேட்டுக்கு வெளியே ஜே.சி.பி. டிரைவர் பீடியைக் கீழே போட்டார். ரோட்டில் போன ஒரு கிழவி நின்று மில்லைப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனாள். யாரையாவது எதிர்பார்த்துப் பழக்கமோ என்னவோ.

ராமுலு கூட்டத்தோடு வருகிறவன் மாதிரியே தனியாக வந்தான். ஹெல்மெட், பெல்ட், மீட்டர், கவசம் ஒவ்வொன்றாக ஜன்னலில் வைத்தான். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். நாலாம் நம்பருக்கு நேரே, 'பதிலி: ராமுலு. 240' என்று எழுதி, டைம்கீப்பர் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியும். இரண்டு தடவை படித்தான்.

"செல்லுமுங்களா?"

"செல்லும்."

"சட்டை?"

"நிரந்தர ஆள் உடுப்பை எவனாச்சும் கழட்டிக் குடுப்பானா? போட்டுட்டுப் போ. இன்னொரு செட்டு பாக்கி, பாய்கிட்டச் சொல்றேன்."

அவன் தூக்குப் போசியை எடுத்துக்கொண்டான். அந்த ஜன்னலில் எண்பத்தொன்பதில் நான் சொன்னதைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவனுக்கு அது நினைவில் இருந்ததாகவே தெரியவில்லை, அல்லது அவன் மரியாதை அப்படி. "வாரேனுங்க டைமாபீசய்யா," என்றான். கேட்டைத் தாண்டி, அவன் ஊருக்குப் போகிற சோமனூர் பஸ் நிற்கிற பக்கம் ரோட்டைக் கடந்தான். பெரிய சட்டை காற்றில் உப்பிக்கொண்டது.

பின்னாலேயே மூன்று பேரும் வந்தார்கள். அபிலாஷ் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அய்யா, என்னங்க பனியனோட? யூனிஃபார்ம் எங்கீங்க?"

"நான் இன்னைக்கு லீவுங்க தம்பி. உடம்பு சரியில்லை." விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். மேக்னாவும் அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"அப்ப காலைல இருந்து எங்க கூட நாலாவது மூலைல நின்னது யாருங்க?"

"பதிலி ஆளுங்க."

ரவிதேஜா மெதுவாக ஜன்னல் திண்டின் மேல் உட்கார்ந்தார். மேக்னா கேமராவைத் திறந்து பார்த்தாள். எல்லாப் படத்திலும் நாலாவது மூலையில் சட்டை நன்றாக விழுந்திருந்தது, நம்பரோடு. ஹெல்மெட்டும் விழுந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் கார்டிங் டிபார்ட்மென்ட் சுவர் தெரிந்தது. அவள் கேமராவை மூடிவிட்டு, "பெரியம்மா வீட்டுக்கே போயிருக்கலாம்," என்றாள்.

அபிலாஷ் மட்டும் மீட்டரை எடுத்துப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் அசையாமல் இருந்தது. கட்டடம் முழுக்க ஒரு சுற்றுப் போய்வந்தார். எங்கும் பூஜ்யம். அக்ஷிதா அம்மணிக்கு அங்கிருந்தே போன் செய்து, வேலை முடிந்தது, எல்லாம் நம்ம எக்யூப்மென்ட்தான் என்றார். நாலு மணிக்கு ஜே.சி.பி. உள்ளே போனது. முதலில் டைம் ஆபீஸ்தான் வழியில் இருந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டு நான் தள்ளி வந்தேன்.

சாமான் நோட்டை ஒப்படைக்கும்போது ஒரு சிக்கல். உடுப்பு கொடுத்தது நாலு, வந்தது மூன்று. பொறுப்பாளர் காரணம் எழுத வேண்டும். 'உடுத்தியவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்' என்று எழுதினேன். அபிலாஷ் அதை வெகுநேரம் பார்த்தார்.

"வந்தா வாங்கி வெச்சிருங்க அய்யா," என்றார்.

"ஆகட்டுமுங்க தம்பி."

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சங்கு ஊதவில்லை. எங்கள் தெருவில் பதினோரு பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டார்கள். தாய்மார்கள் வந்து என் வாசலில் நின்று, மில்லில் இருந்த ஆள் நீங்கள்தானே, என்ன செய்து வைத்தீர்கள் என்று கேட்டார்கள். நான் முஸ்தபா பாய் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், இரண்டாவது செட்டுக்கு அளவு சொல்ல. மெலிந்த ஆள், உயரம் என் தோள் வரை.